படிப்படியாக முளைக்கும் கால்கள்: கடல் சிலந்தியின் வளர்ச்சி

உருமாற்றம் என்றதும் நம் மாணவர்கள் பட்டாம்பூச்சியையும் தவளையையும் சொல்வார்கள். மற்ற விலங்குகள் எல்லாம் பெற்றோரின் சிறு வடிவமாகப் பிறந்து, அளவில் மட்டும் பெரிதாகின்றன என்ற எண்ணமும் கூடவே பதிந்துவிடுகிறது. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. உடலின் முன்பகுதியோடு மட்டும் முட்டையிலிருந்து வெளிவந்து, மீதியை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வதே அது. கணுக்காலிகள் பாடத்தில் இதை விளக்கக் கடல் சிலந்தி ஏற்ற எடுத்துக்காட்டு.

யார் இந்தக் கடல் சிலந்தி?

பிக்னோகோனிடா வகுப்பைச் சேர்ந்த இவ்விலங்குகள் கடலில் மட்டுமே வாழ்கின்றன. 1,300-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. சில மில்லிமீட்டர் அளவே உள்ளவை உண்டு. அண்டார்டிக் கடலில் கால்களின் விரிப்பு அரை மீட்டரைத் தாண்டுபவையும் உண்டு. நம் வீட்டுச் சிலந்திக்கு இவை தூரத்து உறவுதான். பெரும்பாலானவற்றுக்கு நான்கு இணை நடைக்கால்கள் இருக்கும். ஐந்து அல்லது ஆறு இணைகள் கொண்ட இனங்களும் சில உள்ளன.

உடல் மிக ஒடுங்கியது என்பதால் உணவுப்பாதையின் கிளைகள் கால்களுக்குள் நீள்கின்றன. பெண்ணின் முட்டைகள் முதிர்வதும் கால்களுக்குள்தான். ஆகவே, கால் முளைப்பது நடப்பதற்காக மட்டுமன்று. செரிமானத்துக்கும் இனப்பெருக்கத்துக்கும் இடம் உருவாவதும் அதனால்தான்.

முட்டை சுமக்கும் தந்தை

பெரும்பாலான இனங்களில் முட்டைகளைச் சுமப்பது ஆண். பெண் இட்ட முட்டைகளைப் பசைபோன்ற சுரப்பால் ஒட்டி, அதற்கெனவே உள்ள சிறப்புக் கால்களில் ஏந்திக்கொள்கிறது. அண்டார்டிக்கின் பெரிய கடல் சிலந்திகள் மட்டும் முட்டைகளோடு காணப்பட்டதே இல்லை. ஏறத்தாழ 140 ஆண்டுகளாக நீடித்த இந்தப் புதிருக்கு 2024-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடை தந்தனர். கொலோசென்டைஸ் மெகலோனிக்ஸ் என்ற இனத்தில், பெற்றோரில் ஒன்று, பெரும்பாலும் தந்தை, முட்டைகளைக் கடலடிப் பாறையில் ஒட்டிவிடுகிறது. அவற்றின்மேல் பாசி படர்ந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்று இணையில் தொடங்கி

வட அட்லாண்டிக் கரைகளில் வாழும் பிக்னோகோனம் லிட்டோரேல் என்ற இனத்தைப் பார்ப்போம். முட்டையிலிருந்து வரும் லார்வாவுக்கு புரோட்டோநிம்ஃபான் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரிலும் சிறிய இதற்கு ஓர் உறிஞ்சுகுழலும் மூன்று இணை உறுப்புகளும் மட்டுமே உண்டு. முதல் இணை இடுக்கி போன்றது; மற்ற இரண்டும் சிறு கால்கள். நடைக்கால் ஒன்றுகூட இன்னும் இல்லை.

இது ஹைட்ராவின் உறவினங்களான ஹைட்ராய்டுகளைப் பற்றிக்கொண்டு அவற்றின் சாற்றை உறிஞ்சுகிறது. வளர வளரத் தோலுரிக்கிறது. உடலின் பின்முனையில் புதிய கண்டங்கள் தோன்ற, நடைக்கால்கள் முன்னிருந்து பின்னாக, இணை இணையாக வருகின்றன. ஒவ்வொரு காலும் முதலில் மொட்டுப்போல் அரும்பி, அடுத்தடுத்த தோலுரிப்புகளில் நீண்டு கணுக்களைப் பெறுகிறது. பின்னர் இளம் சிலந்தி ஹைட்ராய்டை விட்டுக் கடல் சாமந்திக்கு இடம் மாறுகிறது.

இதற்கிடையே இன்னொரு வியப்பு. லார்வாவின் மூன்று இணை உறுப்புகளும் இந்த இனத்தில் மறைந்துவிடுகின்றன. பிறகு, ஆணில் மட்டும் மூன்றாம் இணை இருந்த இடத்தில் முட்டை சுமக்கும் கால்கள் மீண்டும் தோன்றுகின்றன.

வளரும் வயதின் ஆற்றல்

பல்லி வாலை மீட்டுக்கொள்ளும்; நண்டு இழந்த காலை மீட்டுக்கொள்ளும். ஆனால் கணுக்காலி ஒன்று தன் உடலின் பின்பகுதியையே மீண்டும் உருவாக்க முடியாது என்றே கருதப்பட்டது. இதே இனத்தில் ஜெர்மன் ஆய்வாளர்கள் செய்த சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. பின்னுடலை இழந்த இளம் சிலந்திகள் பல, பின்குடல், ஆசனவாய், தசை, கால்கள் ஆகியவற்றைத் திரும்பப் பெற்றன. முதிர்ந்தவற்றில் இது நிகழவில்லை. வளர்ச்சிப் பருவத்தைக் கவனிப்பது ஏன் முக்கியம் என்று மாணவர்களுக்கு உணர்த்த இந்த ஒரு செய்தி போதும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: களிமண், ஈர்க்குச்சி.

1. களிமண் உருண்டையில் மூன்று இணை சிறு குச்சிகளைச் செருகச் சொல்லுங்கள். இது லார்வா.
2. பின்பக்கம் சிறிது களிமண்ணும் ஓர் இணை நீண்ட குச்சியும் சேர்க்கட்டும். நான்கு இணைகள் அமையும்வரை இதைத் தொடரட்டும். ஒவ்வொரு நிலையையும் குறிப்பேட்டில் வரையட்டும்.
3. இறுதியில் சிறு குச்சிகளை அகற்றட்டும். ஆண் சிலந்தி செய்யும் குழு மட்டும் மூன்றாம் இணையை மீண்டும் செருகட்டும்.

மாதிரியில் ஒரு படியாகக் காட்டுவது உண்மையில் பல தோலுரிப்புகளில் நிகழ்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

• லார்வாவுக்கு மூன்று இணை உறுப்புகள் இருப்பதால் அதைப் பூச்சி எனலாமா? ஏன்?
• லார்வாவும் முதிர்ந்த உயிரியும் வெவ்வேறு இரைகளை நம்பி வாழ்வதால் என்ன நன்மை?
• ஹைட்ராய்டுகள் அழிந்துபோனால், கடல் சாமந்திகள் மிகுதியாக இருந்தும் இந்தக் கடல் சிலந்தி பிழைக்குமா?

முதல் வினாவுக்குக் காலை எண்ணி விடை சொல்லும் மாணவர், மாதிரி செய்து முடித்தபின் "எந்தப் பருவத்தில் எண்ணுவது?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி எழுந்தால் பாடம் நிறைவேறியது என்று கொள்ளலாம்.