அச்சடிக்கிறது, ஸ்கேன் செய்ய மறுக்கிறது: லினக்ஸ் தீச்சுவரின் கணக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 14.10.2025-இல் நிறுத்திய பிறகு, வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் லினக்ஸ் பதித்துப் பார்க்கும் ஆர்வம் நம் மாணவர்கள் சிலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆர்வம்தான். ஆனால், பதித்த சில நாள்களிலேயே ஒரு புதிர் எதிர்ப்படலாம். வைஃபையில் இணைந்த அச்சுப்பொறி கட்டுரையை அழகாக அச்சடித்துக் கொடுக்கும். அதே இயந்திரத்தில் ஒரு தாளை வைத்து ஸ்கேன் செய்யப் போனால், ‘ஸ்கேனர் எதுவும் இல்லை’ என்று கணினி கைவிரிக்கும்.

இயந்திரம் ஒன்று, வைஃபையும் ஒன்று. பிறகு ஏன் இப்படி?

பல சமயங்களில் காரணம் தீச்சுவர். வலையமைப்பில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கிறது. நம் புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலத்தில் கடையின் பெயர் இருப்பதுபோல, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, இரு பக்கத்துப் போர்ட் எண்கள் ஆகியவை இருக்கும். முகவரி வீடு என்றால் போர்ட் அதன் கதவு. 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. 2001-இல் வெளிவந்த லினக்ஸ் 2.4 முதல், நெட்ஃபில்டர் என்னும் பகுதி இந்த விவரங்களைப் பார்த்துப் பொட்டலத்தை உள்ளே விடுகிறது அல்லது தள்ளிவிடுகிறது.

அதனிடம் ஒரு குறிப்பேடும் இருக்கிறது. கணினி யாரிடம் பேசத் தொடங்கியது என்பதை அதில் எழுதிக்கொள்ளும். அவரிடமிருந்து பதில் வந்தால் கதவைத் திறக்கும். அச்சடிக்கும்போது அச்சுப்பொறியின் முகவரி கணினிக்கு முன்பே தெரியும். உதாரணமாக 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். கணினி அங்கே பேசுகிறது, அங்கிருந்தே பதில் வருகிறது, சிக்கலில்லை.

ஸ்கேனரைத் தேடும்போது நிலைமை வேறு. அது எங்கே இருக்கிறது என்று தெரியாததால், 192.168.1.255 என்னும் பொது முகவரிக்கு, ‘இங்கே ஸ்கேனர் உண்டா?’ என்று கணினி எல்லாரையும் கூவி அழைக்கிறது. பதில் 20-ஆம் எண்ணிலிருந்து வருகிறது. குறிப்பேட்டிலோ 255 என்றுதான் இருக்கிறது! குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், ‘யாராவது குழாய் சரிசெய்வார்களா?’ என்று கேட்கிறோம். ஒருவர் நேரே வந்துவிடுகிறார். வாசல் காவலரிடம் அவர் பெயரை நாம் சொல்லவில்லை. காவலர் திருப்பி அனுப்புவதில் என்ன தவறு?

காரணம் இதுதானா என்று சோதிக்கத் தீச்சுவரை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம். ஸ்கேனர் தென்பட்டால் ஐயம் தீர்ந்தது. உடனே மீண்டும் இயக்கிவிடுங்கள். பலர் இங்கேதான் ‘வேலை முடிந்தது’ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த மடிக்கணினி நாளை உணவகத்தின் இலவச வைஃபைக்கும் போகும் அல்லவா? 12.5.2017 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை, விண்டோஸ் கணினிகளின் 445 என்னும் போர்ட் வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது லினக்ஸைக் குறிவைக்கவில்லை என்பது உண்மை. திறந்த கதவின் ஆபத்து எல்லா இயங்குதளத்துக்கும் பொது.

ஆகவே, அச்சுப்பொறிக்கு மட்டும் வழிவிடுவோம். உபுண்டுவில் யூ.எஃப்.டபிள்யூ. என்னும் தீச்சுவர் உண்டு. அதை நாமே இயக்கினால்தான் வேலை செய்யும். (இயக்கவே இல்லையென்றால் அதன்மேல் பழி போடாதீர்கள்.) ஜி.யூ.எஃப்.டபிள்யூ. என்னும் செயலியைப் பதித்தால், கட்டளை தட்டச்சு செய்யாமல் படிவம் நிரப்புவதுபோல விதி எழுதலாம். செயல்: அனுமதி. திசை: உள்வருவது. நெறிமுறை: யூ.டி.பி. அனுப்புநர்: 192.168.1.20.

போர்ட் எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில்தான் கவனம் தேவை. தேடலுக்கு வரும் பதில், அச்சுப்பொறியின் குறிப்பிட்ட போர்ட்டிலிருந்து கிளம்புகிறது. பல கேனன் இயந்திரங்களில் அது 8612. எனவே எண் அனுப்புநர் பக்கம் வரவேண்டும். அச்சுப்பொறியிலுள்ள ‘ஸ்கேன்’ பொத்தானை அழுத்திக் கணினிக்கு அனுப்புவது இதற்கு நேர்மாறு. அங்கே பேச்சைத் தொடங்குவதே அச்சுப்பொறி. பிரதர் இயந்திரங்கள் அதற்குக் கணினியின் 54925-ஆம் போர்ட்டைத் தட்டுகின்றன; இந்த எண் பெறுநர் பக்கம் வரும். மற்ற நிறுவனங்களின் எண்களைக் கையேட்டில் பாருங்கள்.

இன்னொரு வேலை பாக்கி. ரூட்டர் அச்சுப்பொறிக்கு நாளை வேறு முகவரி கொடுத்துவிடலாம். அப்போது நம் விதி பயனற்றுப் போகும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 20-ஆம் எண்ணை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். அதன் பிறகும் ஸ்கேனர் அகப்படவில்லையென்றால், கணினி விருந்தினர் வைஃபையிலும் அச்சுப்பொறி வீட்டு வைஃபையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் தீச்சுவரில் எந்த விதி எழுதியும் பயனில்லை. இரண்டையும் ஒரே வைஃபைக்குக் கொண்டுவர வேண்டும்.