ஏடு தொடக்கிய பின்னர் வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

விஜயதசமி நாளன்று எமது ஆலயங்களில் ஏடு தொடக்கும் வைபவம் நடைபெறுவதை நாம் அனைவரும் அறிவோம். தாம்பாளத்திற் பரப்பிய பச்சையரிசியில் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்துக் குருக்களோ ஊரிலுள்ள கல்விமான் ஒருவரோ ‘அ’ எழுதுவிக்கிறார். பிள்ளை சிலவேளை அழும். சிலவேளை அரிசியை அள்ளி வாயிற் போடும். படம் எடுத்து, அவலும் கடலையும் உண்டு வீடு திரும்பியதும் பெரும்பாலான வீடுகளில் அக்காரியம் நிறைவெய்தி விடுகின்றது. ‘இனி முன்பள்ளி ரீச்சர் பார்த்துக்கொள்வா’ என்பதே பெற்றோரின் எண்ணம். வேறு சில வீடுகளிலோ மறுநாளே கொப்பியும் பென்சிலும் வாங்கி, மூன்று வயதுப் பிள்ளையைப் பிடித்து இருத்தி, பக்கம் நிறைய ‘அ’ எழுதும்படி வற்புறுத்துகிறார்கள். இவ்விரண்டு வழிகளுமே பிள்ளைக்கு நன்மை தருவன அல்ல.

எமது நாட்டில் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை தரம் 1 இற் சேர்க்கப்படுகின்றது. ஆரம்ப வகுப்புகளிற் பல ஆண்டுகள் கற்பித்தவள் என்ற வகையில் ஒன்றைக் கூற விரும்புகின்றேன். தரம் 3 இற்கு வந்து சேரும் பிள்ளைகளிற் சிலர் கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலை குனிந்து நிற்பார்கள். கொப்பி முழுவதும் ‘சரி’ அடையாளம் இருக்கும். அதைப் பார்த்துப் பெற்றோரும் மகிழ்ந்திருப்பார்கள். பிள்ளை எழுத்தை வரைகின்றதேயன்றி எழுதவில்லை என்பது இரண்டு வருடங்களாக ஒருவருக்கும் தெரியாமற் போயிருக்கும். 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் நீண்டகாலம் மூடிக்கிடந்தபோது முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளிடம் இக்குறையைக் கூடுதலாகக் காணமுடிந்தது. முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் அருகில் அழைத்து வாசிக்கக் கேட்பதற்கு நாளொன்றுக்கு ஓரிரு நிமிடமே கிடைக்கும். வீட்டில் தாய்க்கோ, அம்மம்மாவுக்கோ, மூத்த சகோதரிக்கோ பதினைந்து நிமிடம் கிடைக்கும்.

முதலிற் காது, பிறகு கண்

வாசிப்பு எழுத்திலே தொடங்குவதில்லை. பேச்சிலும் கேட்பதிலும் தொடங்குகின்றது. எமது மொழியில் இதற்கு ஒரு விசேட காரணமும் உண்டு. நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் உள்ள தமிழ் வேறு. வீட்டில் ‘மாமா வாறார்’ என்கிறோம். புத்தகத்தில் ‘மாமா வருகிறார்’ என்றிருக்கும். ‘இருக்குது’ என்பது ‘இருக்கிறது’ ஆகிவிடும். இந்தப் புத்தகத் தமிழைக் காதால் ஒருபோதும் கேட்டிராத பிள்ளை, எழுத்தையும் புதிதாகக் கற்று, அந்த மொழியையும் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. ஒரே நேரத்தில் இரண்டு சுமை. ஆகையால் பிள்ளைக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்னரே கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது சொற்களின் கீழே விரலை ஓடவிடுங்கள். ஒரே கதையைப் பத்துத் தரம் கேட்டாற் சலிக்காமல் வாசியுங்கள். பிறகு ஒருநாள் பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அக்கதையை ‘வாசிக்கும்’. சிரிக்க வேண்டாம். அதுவும் வாசிப்பின் ஒரு படியே.

கோயிலிலே தேவாரம் கேட்டு வளரும் பிள்ளைகள் இவ்விடயத்திற் பாக்கியசாலிகள். பொருள் விளங்காவிட்டாலும் செந்தமிழின் ஓசை அவர்களுடைய காதிற் படிந்துவிடுகின்றது. ஆயினும் மனனம் செய்வது வேறு, வாசிப்பது வேறு. தேவாரப் புத்தகத்தை விரித்து வைத்து, பிள்ளைக்கு மனப்பாடமான ஒரு பதிகத்தின் வரிகளை விரலாற் தொட்டுத் தொட்டுப் பாடவிட்டால் மனனமே வாசிப்புக்கு வழிகாட்டும்.

ஓசை விளையாட்டுகளும் நல்லவை. ‘பா என்று தொடங்குகிற சாமான் வீட்டில் என்ன இருக்குது?’ என்று கேட்டால் பாய், பால், பானை என்று பிள்ளை தேடும். இதற்குப் புத்தகமும் வேண்டாம், பணமும் வேண்டாம். முற்றம் கூட்டும்போதே செய்யலாம்.

எந்த எழுத்திலே தொடங்குவது என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. ஏடு தொடக்கும்போது ‘அ’ எழுதுவது எமது மரபு. அது மங்கலத்தின் பொருட்டு. ஆனால் அதன் பிறகும் அ, ஆ, இ, ஈ என்ற வரிசையிலேயே பிள்ளையின் கையை ஓட்ட வேண்டுமென்பதில்லை. ‘இ’ எழுத்தை ஒருதரம் எழுதிப் பாருங்கள், எத்தனை வளைவு! மாறாக ட, ப, ம ஆகிய மூன்றும் எழுத இலகுவானவை. இம்மூன்றையும் புள்ளியையும் அறிந்த பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம், பப்படம் ஆகிய ஐந்து சொற்களை வாசித்துவிடும். ஒரு வாரத்திற்குள் ‘நான் வாசிக்கிறேன்’ என்ற பெருமை பிள்ளைக்கு வந்துவிடும். அந்தப் பெருமைக்கு ஈடான வேறு தூண்டுகோல் இல்லை.

தமிழில் 247 எழுத்துகள் என்று கூறிப் பிள்ளையையும் பயப்படுத்தி, தாமும் பயப்படுகிற பெற்றோர் உளர். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் போக மிகுதி 216 உம் உயிர்மெய் எழுத்துகள். அவை பெரும்பாலும் ஒரே குறிகள் திரும்பத் திரும்ப வருவனவே. கா, பா, மா அறிந்த பிள்ளைக்கு ‘லா’ புதியதன்று. இரண்டு இடங்களிற் மட்டும் பொறுமை தேவை. ஒன்று, கு, டு, து, மு போன்றவை. இவ்வரிசையில் குறி எழுத்துக்கு எழுத்து மாறுகின்றது. மற்றையது கொம்பு. ‘கே’ என்பதில் கண்ணுக்கு முதலிற் தெரிவது கொம்பு, காதுக்கு முதலிற் கேட்பது ககரம். ‘கோ’ என்றால் குறி இருபக்கமும் நிற்கின்றது. இங்கே பிள்ளை தடுமாறுவது மந்தத்தினால் அன்று. எழுத்தின் அமைப்பே அப்படி. கொம்பை விரலால் மறைத்து நடுவிலுள்ள எழுத்தை முதலிற் சொல்லவிட்டு, பிறகு விரலை எடுத்துவிடுங்கள். சில நாட்களிற் பழகிவிடும். ல, ள, ழ பேதமும் ர, ற பேதமும் தரம் 2, 3 வரை குழம்பத்தான் செய்யும். அவற்றுக்காக இப்போதே அடிக்க வேண்டியதில்லை.

1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள், பிள்ளைகளுக்கெனப் பாலபாட நூல்களைப் படிப்படியாக, எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுமாறு ஆக்கினார்கள். அந்தப் படிமுறையை நாம் இன்று வீட்டில் மறந்துவிட்டு, நான்கு வயதுப் பிள்ளைக்கு நீண்ட பந்திகளைப் பாடமாக்கக் கொடுக்கின்றோம்.

எழுதும் கை

பென்சில் பிடிப்பதற்கு முன்னர் விரல்களில் வலு வேண்டும். இடியப்ப மாக் குழைக்கும்போது ஒரு சிறு உருண்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். சின்ன வெங்காயம் உரித்தல், பூக் கட்டுதல், புளியங்கொட்டை பொறுக்குதல் ஆகிய யாவும் கையெழுத்துப் பயிற்சிகளே. பின்னர் முற்றத்துக் குருமணலில் விரலாற் பெரிதாக எழுதலாம். அரிசியில் விரலால் எழுதும் எமது ஏடு தொடக்கலின் பொருத்தத்தை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1939 முதற் பல ஆண்டுகள் இந்தியாவிற் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றிய மரியா மொண்டிசோரி அம்மையாரும், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலாற் தடவியே பிள்ளைகள் எழுதப் பழக வேண்டும் என்ற முறையைக் கைக்கொண்டார். நாமோ வருடத்தில் ஒருநாள் அரிசியில் எழுதுவித்துவிட்டு, அடுத்தநாள் ஒற்றைக்கோட்டுக் கொப்பிக்குத் தாவிவிடுகின்றோம்.

இடக்கையாற் பென்சில் எடுக்கும் பிள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். பிரசாதம் வாங்குவதற்கு வலக்கையை நீட்டப் பழக்குவது எமது ஒழுக்கம், அதைப் பழக்கலாம். எழுதும் கையை மாற்றுவது அவ்வாறானதன்று. கையிற் தட்டித் தட்டி மாற்றப்பட்ட பிள்ளைகள் எழுதுவதையே வெறுத்ததைக் கண்டிருக்கின்றேன். எழுத்துகளை இடம்வலம் மாற்றி எழுதுவதும் ஆறேழு வயது வரை சாதாரணமே.

பார்த்தெழுதுவது மட்டும் எழுத்தாகாது என்று முன்னர் கூறினேன். பிள்ளை தன் மனதிலுள்ளதை எழுத வேண்டும். கடைக்குப் போகுமுன் சாமான் பட்டியலை அதுவே எழுதட்டும். ‘சீனி’ என்பதைச் ‘சினி’ என்று எழுதினாலும் கடைக்காரருக்கு விளங்கும். கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு இரண்டு வரி எழுதிப் படம் பிடித்து அனுப்பலாம். பிழைகளைச் சிவப்புப் பேனையால் வெட்டாமல், சரியான சொல்லை அருகிலே அழகாக எழுதி வைத்தாற் போதும்.

எண்ணுவதும் எண் சொல்வதும்

‘எங்கட பிள்ளைக்கு நூறு வரைக்கும் தெரியும்’ என்று பல தாய்மார் மகிழ்வுடன் கூறுவார்கள். ஏழு பொத்தான்களை மேசையில் வைத்து எண்ணச் சொன்னால் அதே பிள்ளை ஒன்றை இரண்டு தரம் தொட்டு எட்டு என்று சொல்லும். பாட்டுப்போல் எண் சொல்வது வேறு, ஒரு பொருளுக்கு ஓர் எண்ணாகத் தொட்டு எண்ணுவது வேறு. சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே (1896–1980) காட்டிய ஒரு பரிசோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஏழு புளியங்கொட்டைகளை நெருக்கமாக ஒரு வரிசையிலும் இன்னும் ஏழை அதற்கு நேரே மற்ற வரிசையிலும் வையுங்கள். இரண்டும் சமம் என்று பிள்ளை சொல்லும். பிறகு ஒரு வரிசையை அகலப்படுத்துங்கள். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளிற் பலர் அகலமான வரிசையிற் கூட இருக்கிறது என்பார்கள். ஏசித் திருத்துவதாற் பயனில்லை. எண்ணி, பங்கிட்டு, சேர்த்து விளையாட விளையாட அந்த அறிவு தானாக வரும்.

எமது குசினி ஒரு நல்ல கணித அறை. ஒரு கொத்துக்கு எத்தனை சுண்டு என்று அரிசியை அளந்து பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பிள்ளையார் கதை நாட்களில் அவித்த 24 மோதகங்களை ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிடச் சொன்னால் வகுத்தலுக்குக் கொப்பி தேவையில்லை. மிளகாய்க் கன்றுகளை நாலு வரிசையில் ஆறு ஆறாக நட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஆறு வரிசையில் நாலு நாலாகத் தெரியும். இதைக் கண்ட பிள்ளைக்கு வாய்ப்பாட்டின் பாதி சுமை குறைந்துவிடும். வாய்ப்பாட்டை மனனம் செய்வதை நான் எதிர்ப்பவள் அல்லள். கண்ணால் கண்ட பின்னர் மனனம் செய்யட்டும் என்கின்றேன். மாலை கட்டும்போது இரண்டு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ என்ற ஒழுங்கைத் தொடரச் செய்வதும், கோலத்துக்கு ஏழு, ஆறு, ஐந்து என்று புள்ளி குறைத்து வைப்பதும் கணிதமே.

பத்தின் கருத்தை விளக்குவதற்கு ஈர்க்கிலும் சிறந்த உபகரணம் இல்லை. பத்து ஈர்க்குத் துண்டுகளை இறப்பர் பட்டியால் ஒரு கட்டாகக் கட்டுங்கள். 34 என்றால் மூன்று கட்டும் நாலு துண்டும். 34 இலிருந்து 8 ஐக் கழிக்கும்போது ஒரு கட்டை அவிழ்க்கத்தான் வேண்டும். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்குதல்’ என்று மந்திரம்போற் சொல்லிக் கொடுப்பதை விட இது தெளிவானது. எமது எண்ணுப் பெயர்களும் இதற்குத் துணை செய்கின்றன. இருபத்தொன்று என்றால் இருபதும் ஒன்றும். தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய இரண்டும் மாத்திரம் இவ்வொழுங்குக்கு மாறானவை. எண்பத்தொன்பதுக்குப் பிறகு பிள்ளை திகைத்து நின்றால் அதுவே காரணம் என்று அறிக. விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டாம். பத்துக்குள் உள்ள சோடிகள் (8 உம் 2 உம், 7 உம் 3 உம்) மனதிற் பதிந்ததும் விரல்கள் தாமாகவே ஓய்ந்துவிடும். தாயமும் பாம்பும் ஏணியும் விளையாடுவதால் இது விரைவிற் பதியும்.

எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோரும் எம்மிடையே உளர். போரினால் படிப்பு இடைநின்றவர்கள் எத்தனை பேர்! ‘எனக்குத் தெரியாது, நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது’ என்று அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. கதை சொல்லலாம். சந்தையில் மனக்கணக்காகக் காசு எண்ணுவதைக் காட்டலாம். திருவிழா விஞ்ஞாபனத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, ‘எத்தனையாம் திருவிழா ஆற்றை உபயம், வாசி பார்ப்பம்’ என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே பிள்ளைக்குப் பெரிய உதவி.

நாலு வயதில் ரியூசன், தரம் 3 இலேயே புலமைப் பரிசில் வினாத்தாள் என்ற இன்றைய போக்கு எனக்கு உடன்பாடானதன்று. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு வினாத்தாளைக் கொடுப்பது கால் ஊன்றாத பிள்ளையை ஓட்டப்போட்டிக்கு விடுவது போன்றது. அதனிலும் கொடியது ‘மொக்கு’ என்று அழைப்பது. பெயர் வைத்துவிட்டால் பிள்ளையும் அதை நம்பிவிடுகின்றது.

தரம் 2 முடிந்தும் இலகுவான சொற்களைக் கூட வாசிக்க முடியவில்லையெனில் காத்திருக்க வேண்டாம். முதலிற் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்று சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கும். புத்தகத்தை மூக்கருகிற் பிடித்தல், அழைத்தால் திரும்பாமை, ஒரு பக்கமாகத் தலை சரித்துப் பார்த்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். அதன் பின் வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்து, பிள்ளைக்கு எந்த எழுத்துகள் தெரியும், எவை தெரியாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெரியாத எழுத்துகளில் வாரத்துக்கு இரண்டு போதும்.

எமது கிராமங்களில் உள்ள சனசமூக நிலையங்களில் பத்திரிகை வாசிக்கப் பெரியவர்கள் வருகிறார்கள். அங்கே சிறுவருக்கென ஒரு தட்டு, அதுவும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்குமாயின் நன்று. அர்ச்சனைக்கு வரும் அடியார்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கி அத்தட்டில் வைக்கலாம். வருகிற நவராத்திரிக்கு முன்னர் இதைத் தொடங்குவதற்கு ஆலய பரிபாலன சபையினரும் நிலையத்தாரும் ஒன்றுகூடிப் பேசுவார்களாக.