வானம் பார்த்த பூமியின் மழைக் கணக்கு



நம் இராமநாதபுரம் மாவட்டத்தை வறண்ட பூமி என்கிறார்கள். ஆனால் இங்கு மழையே இல்லை என்று நினைத்தால் தப்பு. வருடத்திற்கு சராசரியாக 800 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அப்புறம் ஏன் தண்ணீர்ப் பஞ்சம்?

தென்மேற்குப் பருவக்காற்று (ஜூன் – செப்டம்பர்): அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து கேரளாவில் மழையாகக் கொட்டுகிறது. மலை தாண்டி இறங்கும்போது சூடாகி, காய்ந்த காற்றாக நம்மிடம் வருகிறது. அதனால்தான் ஆடியில் நமக்குப் புழுதிதான் பறக்கிறது. இதற்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர்.

வடகிழக்குப் பருவக்காற்று (அக்டோபர் – டிசம்பர்): இப்போது காற்று திசை மாறி, வங்கக்கடலின் ஈரத்தை அள்ளி வருகிறது. நம் வருட மழையில் பாதிக்கு மேல் இந்த 3 மாதத்தில்தான். கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டானால் மழை, இல்லாவிட்டால் வெறும் மேகம்தான்.

மொத்த மழை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே நாளில் 50 மி.மீ. பெய்தாலும், 5 நாள் 10 மி.மீ. வீதம் பெய்தாலும் கூட்டினால் ஒன்றுதான். பயிருக்கு ஒன்றல்ல! எங்க அப்பா புரட்டாசியில் புழுதியில் நெல் விதைப்பார். முளைத்த பிறகு தொடர்ந்து மழை இல்லாவிட்டால் பயிர் கருகிவிடும். விதைநெல்லும் போச்சு, உழவுக்கூலியும் போச்சு.

நாமே அளக்கலாம்: அடியும் வாயும் ஒரே அகலமான டப்பாவை மரம் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அது மழை நாள்.

1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள மாடியில் 10 மி.மீ. பெய்தால் 200 லிட்டர்! 15 லிட்டர் குடத்தில் 13 குடம். அத்தனை குடத்திற்கு நம் அம்மாக்கள் எத்தனை நடை நடக்க வேண்டும்? யோசியுங்கள்.

2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்திற்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. உங்கள் வீட்டுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பாருங்கள்.

மழையை அளப்போம்! மழைநீரைச் சேர்ப்போம்!

– 9ஆம் வகுப்பு மாணவி