9.8 என்று வந்தால் 9.8 என்றே எழுதுங்கள்

கேள்வி: ஐயா, நான் பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்துவிட்டு, இப்போது பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டில் இருக்கிறேன். மனித உடற்றொழிலியல் பாடத்துக்கு வாரத்தில் ஒரு நாள் ஆய்வுகூட வகுப்பு. போன மாதம் எங்கள் விரலிலேயே குத்தி இரத்தம் எடுத்து, சாலி முறையில் ஈமோகுளோபின் அளந்தோம். மற்றவர்களுக்கு 12, 13 என்று வந்தது. எனக்கு 9.8. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். வெட்கமாகப் போய்விட்டது. ரெக்கோட் புத்தகத்தில் 12.6 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சரி போட்டுத் திருப்பித் தந்தார்கள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் செய்தது பெரிய பிழையா? எனக்கு ஏதும் வருத்தமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். உயர்தரம் வரை தமிழில் படித்தேன். இங்கே எல்லாம் ஆங்கிலம். பாடமாக்கி விடுகிறேன், ஆனால் வைவாவில் "ஏன்?" என்று கேட்டால் வாய் வருவதில்லை. இந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது?

— பெயர் வேண்டாம், பசறை

பதில்: மகள், ரெக்கோட் புத்தகம் இருக்கட்டும், முதலில் உடம்பைப் பார்ப்போம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் அதை இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8 முதல் 10.9 வரை நடுத்தரச் சோகை. உங்கள் எண் அதற்குள்தான் வருகிறது. பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். உங்கள் பல்கலைக்கழக சுகாதார நிலையத்திலோ, விடுமுறைக்கு வரும்போது பதுளை வைத்தியசாலையிலோ ஒரு முழு இரத்தப் பரிசோதனை, அதுதான் எப்.பி.சி., எடுத்துவிடுங்கள்.

சாலி முறையை நம்பி மட்டும் முடிவுக்கு வரக்கூடாது என்பதும் உண்மைதான். 0.02 மில்லிலீற்றர் இரத்தத்தை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் விடுகிறோம், பழுப்பு நிறம் வருகிறது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டுப் பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு கண்ணால் ஒப்பிடுகிறோம். பத்தில் ஒரு பங்கு பிழை அதற்குச் சகஜம். நிறம் முழுதாக எழும்பப் பத்து நிமிடம் வேண்டும். மணி அடிக்கப் போகிறதென்று ஐந்து நிமிடத்தில் பார்த்தால் எண் குறைந்து வரும். குளிரில் விரல் விறைத்திருந்தால் இரத்தம் வராது, உடனே பிள்ளைகள் விரலைப் பிழிவார்கள். பிழிந்தால் இழையத்தில் உள்ள நீரும் சேர்ந்து வந்து இரத்தத்தை ஐதாக்கிவிடும். இதில் எதை நீங்கள் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பார்த்தாலும் 10.8. அப்போதும் 12 ஐத் தொடவில்லை.

இத்தனை குறைந்தும் உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனது எப்படி? வைவாவில் கேட்கவேண்டிய "ஏன்" இதுதான். ஒரு கிராம் ஈமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். 14 கிராம் உள்ளவரின் 100 மில்லிலீற்றர் இரத்தம் கிட்டத்தட்ட 19 மில்லிலீற்றர் சுமக்கிறது. உங்களுடையது 13. இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 5 லீற்றர் இரத்தம் அனுப்புகிறது என்று வையுங்கள். அவருக்கு 950 மில்லிலீற்றர் ஒட்சிசன் போய்ச் சேரும், உங்களுக்கு 650. ஓய்வாக இருக்கும் உடம்பு கேட்பது சுமார் 250 தான். ஆகவே கதிரையில் உட்கார்ந்து பாடம் கேட்கிற வரைக்கும் குறை தெரியாது. கொழுந்துக் கூடையோடு மலையேறும்போதுதான் கணக்கு உதைக்கும். அப்போதும் உடம்பு சும்மா இருப்பதில்லை. இதயம் வேகமாக அடிக்கிறது. செங்குழியத்துக்குள் 2,3 டி.பி.ஜி. என்ற பொருள் கூடி, ஈமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி ஒட்சிசனை எளிதாக விட்டுக்கொடுக்கிறது. சோகை மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் வந்தால் இந்தச் சரிக்கட்டல் இன்னும் நன்றாக நடக்கும். தோட்டத்தில் எத்தனையோ பெண்கள் 9 கிராமோடு மலையேறி இறங்குவதும், "எனக்கு ஒன்றுமில்லை" என்பதும் இதனால்தான்.

கொரோனாக் காலத்திலிருந்து விரலில் மாட்டும் ஒட்சிமீற்றர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதை மாட்டிப் பார்த்தால் உங்களுக்கும் 98 வீதம் என்றுதான் காட்டும். ஈமோகுளோபினைப் பதுளைக்குப் போகிற பஸ் என்று வையுங்கள். பஸ்ஸில் எல்லா ஆசனத்திலும் ஆள் இருக்கிறது என்பதை ஒட்சிமீற்றர் சொல்கிறது. நாளுக்கு எத்தனை பஸ் ஓடுகிறது என்பதைச் சொல்லாது. இந்த வித்தியாசத்தை வரைபடம் இல்லாமல் உங்கள் சொந்த வார்த்தையில் சொல்ல முடிந்தால், ஒட்சிசன் பாடத்தில் பாதி முடிந்தது.

காரணம் என்ன என்று எப்.பி.சி.யில் வரும் எம்.சி.வி. என்ற எண் வழி காட்டும். அது செங்குழியத்தின் சராசரிக் கனவளவு. அது சிறுத்திருந்தால் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவு. மாதவிடாயில் இரத்தம் போகிறது. காலை ரொட்டியோடும் சம்பலோடும் சாயத்தண்ணி குடிக்கிறோம். தேயிலையின் பொலிபீனோல்கள் மாவிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடலுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். நாட்டுக்கே தேயிலை கொடுக்கிற கைகளுக்கு இது நடப்பதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். இப்போதைக்குச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். தேசிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். நெத்தலிக் கருவாட்டில் உள்ள இரும்பைத் தேயிலை அவ்வளவாகத் தடுக்காது. குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவையும் மறக்கக்கூடாது. ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916 இல் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்ததே அதை ஒழிக்கத்தான். அந்தக் காலம் போல இப்போது இல்லை. ஆனாலும் புழு நுழைய வழிவிட்டு வெறுங்காலோடு மலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது சந்தேகம், பரம்பரையாக வரும் ஈமோகுளோபின் குறைபாடான தலசீமியாவின் கடத்தியாக நீங்கள் இருக்கலாம் என்பது. அதிலும் குழியம் சிறுத்துத்தான் இருக்கும். ஆனால் கடத்திகளுக்குச் சோகை பெரும்பாலும் லேசானது, இரும்புக் குளிசை விழுங்கி அதைச் சரிசெய்யவும் முடியாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினைப் பார்த்து, தேவைப்பட்டால் ஈமோகுளோபின் வகைகளையும் பிரித்துப் பார்த்தால் எது என்று தெரியும். ஊவாவில் தலசீமியா புதிதல்ல. ஆகவே "சோகைதானே" என்று யாராவது குளிசை அட்டையைக் கையில் தந்து அனுப்பினால், எம்.சி.வி.யையும் பெரிட்டினையும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு இப்போது படிப்பு இருக்கிறது.

உங்கள் தோட்டம் உயரமான இடத்தில் இருந்தால் இன்னொரு நுணுக்கமும் உண்டு. உயரத்தில் ஒட்சிசன் குறைவு. சிறுநீரகம் எரித்ரோபொயிட்டினை அதிகம் சுரந்து செங்குழியங்களைக் கூட்டச் சொல்லும். அதனால் மலையில் வாழ்பவரின் எண்ணிலிருந்து ஒரு சிறு தொகையைக் கழித்துத்தான் சோகையைத் தீர்மானிக்க வேண்டும். ஹப்புத்தளையில் 12 உம் மட்டக்களப்பில் 12 உம் ஒன்றல்ல.

இனி ரெக்கோட் புத்தகத்துக்கு வருவோம். பிழைதான். அடுத்தவருக்குக் கெடுதல் செய்ததால் அல்ல, அந்த வகுப்பின் மிகச் சுவையான எண்ணைத் தொலைத்ததால். உங்களைப் போலவே வெட்கப்பட்டு நாலு பேர் பாடநூல் எண்ணின் பக்கம் நகர்ந்திருந்தால், வகுப்பின் சராசரியும் பொய், நியம விலகலும் பொய். 12.6 இன் மேல் ஒரே கோடு கிழித்து, பக்கத்தில் 9.8 என்று எழுதி, திகதியும் கையெழுத்தும் போட்டு, செயன்முறை நடத்துபவரிடம் போய்ச் சொல்லுங்கள். அழிறப்பரோ வெள்ளை மையோ வேண்டாம். ஆய்வுகூடத்தில் திருத்தம் என்றாலே பழைய எண்ணும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அவர் கோபித்தால் அரை மணித்தியாலம் கோபிப்பார். நான் அவர் இடத்தில் இருந்தால், வந்து சொன்னதற்கே இரண்டு புள்ளி கூடப் போடுவேன்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பெயர்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு காரணத்தைத் தமிழில் யோசியுங்கள். தமிழில் யோசித்தால் குறைவு என்று யாராவது சொன்னால், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைத்துக்கொள்ளுங்கள். மானிப்பாயில் அவர் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். 1857 இல் அவர் வெளியிட்ட தமிழ் நூலில் உடற்றொழிலியலுக்குச் "சுகரணவாதம்" என்று பெயர். சொல் வழக்கொழிந்து போனது. எனக்கென்னவோ இன்னும் அதில் ஓர் ஆசை.

எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். குருதி உறைதலை எடுங்கள். புத்தகத்தில் பன்னிரண்டு காரணிகளும் அம்புக்குறிகளும் இருக்கும், பாடமாக்கினாலும் இரண்டு நாளில் போய்விடும். ஆனால் மழைக்காலத்தில் அட்டை கடித்த கால் எவ்வளவு நேரம் வடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். அட்டை விழுந்த பிறகும் ஏன் நிற்கவில்லை? நம் மலை அட்டையின் குடும்பத்து அட்டை ஒன்றின் எச்சிலில் ஈமடின் என்ற புரதம் இருக்கிறது, அது துரொம்பினைப் பிடித்து மடக்கிவிடுகிறது. துரொம்பின் இல்லையென்றால் பைபிரினோசன் பைபிரினாக மாறாது, வலை பின்னப்படாது. அம்மா காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவதிலிருந்து தொடங்கி அம்புக்குறி வரைக்கும் போங்கள். அந்த வரிசை மறக்காது.

இன்னொரு செயன்முறை, கருவி ஒன்றும் வேண்டாம். விடுமுறையில் லயத்து வாசலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடி எண்ணுங்கள். வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம் வரை ஒரே வேகத்தில் ஏறுங்கள். மேலே போனவுடன் எண்ணுங்கள், பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை, பழைய எண்ணுக்கு வரும்வரை. அம்மாவுக்கும் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் செய்யுங்கள். யாருக்கு எத்தனை நிமிடம் எடுத்தது என்று வரைபுத்தாளில் போடுங்கள். எங்கள் காலத்தில் புகை படிந்த உருளையில் தவளையின் தசை துடித்த கோட்டைப் பார்த்துக் கற்றோம். இப்போது எல்லாம் திரையில் வருகிறது. நாடி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

இரும்புக் குளிசை தொடங்கினால், தொடங்குவதற்கு முன் எடுத்த அந்த வரைபை வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து அதே ஏற்றத்தில் மறுபடி ஏறுங்கள். எப்.பி.சி. வந்ததும் எம்.சி.வி. எண்ணை எனக்கு எழுதுங்கள். அம்மாவுடையதையும் எடுத்து எழுதுங்கள்.