தாத்தாவின் சவரக்கத்தி

முதலாண்டில் நண்பர்கள் கேட்டபோது, எங்களுடையது விவசாயக் குடும்பம் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் என் தாத்தா பெருநகரில் வீடு வீடாகச் சென்று சவரம் செய்தவர். அவருடைய தகரப்பெட்டியில் துருவேறிக் கிடந்த கத்தியைச் சென்ற கோடை விடுமுறையில் செப்பனிட்டேன். அதுபற்றியதே இக்கட்டுரை.

அலகு, கரிமம் மிகுந்த எஃகு. பட்டறைச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிடலாம் என்றேன். "அலகு நீலமாச்சுன்னா கத்தி செத்துடும்டா" என்று தாத்தா தடுத்தார். எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலநிறம் கொள்ளும், அப்போது அதன் கடினம் தளரும் என்பதை நான் பிறகே புத்தகத்தில் படித்தேன்.

ஆகவே ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைசான உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தேன். செந்துரு போயிற்று. அடியிலிருந்த கறுப்புக் கறையை விட்டுவிட்டேன். அதுவும் இரும்பு ஆக்சைடுதான், ஆனால் அலகை அரிக்காது.

பிடியின் கொம்பைப் பூச்சி அரித்திருந்தது. பெட்டியிலிருந்த எருமைக்கொம்புத் துண்டைக் கொதிநீரில் இட்டால் இளகும். நம் நகத்திலுள்ள கெரட்டின்தானே அதுவும்! இரு பலகைகளுக்கிடையே வைத்துக் கல்லேற்றித் தட்டையாக்கினேன். இரண்டு தகடுகளாக அறுத்து, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கினேன். அடிமுனையில் தகடுகளுக்கு நடுவே சிறு ஆப்பு வேண்டும். அது சரியாக அமையாவிட்டால், மூடும்போது அலகு பிடியில் உரசும். பித்தளைக் கம்பியை ஓங்கி அடித்து முதல் தகட்டைப் பிளந்துவிட்டேன். இரண்டாவதற்குத் தாத்தாவே சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

லண்டனில் ஸ்டோடார்ட் என்ற கத்தி வணிகர் இந்திய உருக்கை விரும்பி வாங்கிக் கத்திகள் செய்தார். அவரும் மைக்கேல் பாரடேயும் எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இல் கட்டுரை வெளியிட்டனர். நம் வகுப்பில் மின்பகுப்பு விதிகளுக்காக மட்டுமே நினைக்கப்படும் அதே பாரடேதான்! இதைச் சொன்னபோது தாத்தா, "அவருக்குத் தீட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

தீட்டுவதுதான் கடினம். கத்தியின் முதுகும் கூரும் ஒருங்கே கல்லில் படியவேண்டும். முதுகின் கனமே கோணத்தை நிர்ணயிக்கிறது. கல்லில் கூர் முன்செல்லும், தோல்வாரில் முதுகு முன்செல்லும். மாறினால் வாரே அறுபடும். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டவேண்டும். இன்று கடைகளில் பாதி பிளேடைச் செருகி, ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறிந்துவிடுகிறார்கள். சுகாதாரத்துக்கு அதுவே நல்லது; ஆனால் இந்தக் கைப்பழக்கம் அதனோடு போகிறது.

மூன்றாம் நாள் மாலை, தாத்தா கத்தியைத் தம் முன்கை மயிரில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் பத்து இழுப்பு இழு" என்றார்.