மா. கிருஷ்ணனின் கோட்டோவியங்கள்

சென்னையில் வீட்டு மதில்மேல் ஓடும் அணிலின் முதுகில் மூன்று கோடுகள் உள்ளன. தில்லியின் பூங்காக்களில் திரியும் அணிலுக்கோ ஐந்து கோடுகள். இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள். நாள்தோறும் அணிலைப் பார்ப்பவர்களில் பலர் இக்கோடுகளை எண்ணியதில்லை. வரையத் தொடங்குபவர் எண்ணியே ஆகவேண்டும். அவ்வாறு உற்றுநோக்கி வரைவதிலும் எழுதுவதிலும் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மா. கிருஷ்ணன்.

அவர் 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' என்னும் புதினத்தை எழுதிய அ. மாதவையாவின் பிள்ளைகள் எண்மருள் இவரே இளையவர். குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. இன்று கட்டடங்கள் நெருங்கி நிற்கும் அப்பகுதி அக்காலத்தில் புதர்க்காடாக இருந்தது. பறவைகள் மட்டுமன்றி நரிகளும் வெளிமான்களும் அங்கே திரிந்தன. சிறுவன் கிருஷ்ணன் கீரி ஒன்றை வளர்த்தான். 1925இல் தந்தை மறைந்தார்.

மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது பைசன் என்னும் பேராசிரியர் அவரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அழைத்துச் சென்றார். பேராசிரியரின் மனைவி நீர்வண்ணம் தீட்டும் முறையைக் காட்டிக் கொடுத்தார். ஓவியத்தில் அவருக்குக் கிடைத்த வழிகாட்டுதல் அவ்வளவே எனலாம். எஞ்சியதை அவர் தாமே கற்றுக்கொண்டார். அது எளிதன்று. பூங்கொத்தையோ பழக்கூடையையோ வரைபவர் அதனை எதிரில் வைத்துக்கொள்ளலாம். கரிச்சான் குருவி அவ்வாறு அமர்ந்திருக்குமா? அது வாலை அசைத்துப் பறந்தபின், கண் கண்டதை மனம் இழக்குமுன் கை வரைந்தாக வேண்டும்.

கல்லூரித் தேர்வுகளில் அவர் பெரிதாகச் சிறக்கவில்லை. சட்டமும் படித்தார், நிலையான வேலை வாய்க்கவில்லை. சிறு இதழ்களுக்கு எழுதியும் படம் வரைந்தும் சிறிது பொருள் ஈட்டினார். 1942இல் இன்றைய கருநாடகத்தில் உள்ள சந்தூர் அரசில் பணி கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலர் என அங்கே அவர் ஏற்ற பொறுப்புகள் பல. ஆடுகளையும் புறாக்களையும் வளர்த்துப் பார்த்தார். 1949இல் அவ்வரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் எழுத்தும் படமுமே அவருடைய பிழைப்பாயின. குடும்பத்தைத் தாங்க இது போதுமா என்னும் ஐயம் யாருக்கும் எழுந்திருக்கும்.

1950இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கண்ட்ரி நோட்புக்' என்னும் தொடரை அவர் தொடங்கினார். சென்னையில் வாழ்ந்த ஒரு தமிழர் எழுதியதை வங்கத்து வாசகர்கள் 46 ஆண்டுகள் படித்தனர்! கட்டுரையோடு பெரும்பாலும் அவரே வரைந்த கோட்டோவியமும் இருக்கும். காட்டுயிர் என்றதும் புலியையும் சிங்கத்தையும் நினைப்பது வழக்கம். அவரோ காக்கை, பல்லி, கழுதை, தெருநாய் ஆகியவற்றைப் பற்றியும் யானைக்குக் காட்டிய அதே கவனத்துடன் எழுதினார். செய்தித்தாளில் மென்மையான வண்ணச் சாயல்கள் மங்கிவிடும். கருமையான கோடே தெளிவாகப் பதியும். ஆகவே ஒரு கோடு பிசகினாலும் பறவை வேறொன்றாகிவிடும். 'ஜங்கிள் அண்ட் பேக்யார்டு' என்னும் அவருடைய நூலிலும் அவர் வரைந்த படங்கள் உள்ளன.

ஒளிப்படக் கலையிலும் அவர் தம் வழியிலேயே சென்றார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்து, கனத்த படக்கருவி ஒன்றைத் தாமே அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என வேடிக்கையாகப் பெயரிட்டார். பழக்கிய யானையின்மேல் அமர்ந்து, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார்.

தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வுக்கு நேரு நினைவு ஆய்வுநல்கை துணைநின்றது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். விருதுகளுக்காகத் தம் கருத்தை மாற்றிக்கொள்பவர் அல்லர் அவர். இம்மண்ணுக்குரிய மரங்களையே நடவேண்டும் என்றும், அழகுக்காக அயல்நாட்டு மரங்களைக் கொணர்தல் தவறு என்றும் விடாது வாதிட்டார். தமிழிலும் எழுதினார், துப்பறியும் புதினம் ஒன்றும் அவர் படைப்புகளுள் உண்டு. தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார். 1996 பிப்ரவரியில் கிருஷ்ணன் மறைந்தார். அதுவரை அவருடைய தொடர் நிற்கவில்லை.

சொற்பொருள்

புதினம் – நாவல்
எண்மர் – எட்டுப் பேர்
வெளிமான் – முறுக்கிய கொம்புடைய மான் வகை
ஈட்டினார் – சம்பாதித்தார்
ஆய்வுநல்கை – ஆய்வுக்கு வழங்கும் பொருளுதவி

பயிற்சி

1. அசையும் உயிரினத்தை வரைவது ஏன் கடினம்?
2. செய்தித்தாளுக்குக் கோட்டோவியம் பொருத்தமானது எவ்வாறு?
3. நீங்கள் வாழும் ஊரில் காணும் பறவை ஒன்றைப் பத்து நிமிடம் உற்றுநோக்குக. பின்னர், அதனைப் பாராமல் வரைந்து, அதன் தமிழ்ப் பெயரையும் அவ்வூர் மொழியில் வழங்கும் பெயரையும் எழுதுக.