பேட்டரியைப் பேணுவோம்!

வீட்டை விட்டுப் பிரியாமலேயே ஊர் சுற்ற முடியுமா? முடியும் என்கின்றனர் மேலை நாட்டினர். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, மின்விளக்கு அனைத்தும் அமைந்த வண்டியில் அவர்கள் குடும்பத்தோடு நாட்கணக்கில் பயணம் செய்கின்றனர். இதற்கு 'மோட்டார் ஹோம்' என்று பெயர். நம் ஊரில் திரைப்படப் படப்பிடிப்பின்போது நிற்கும் 'கேரவன்' வண்டியும் இதற்கு உறவுதான்.

இவ்வண்டிகளில் பொதுவாக இருவகைப் பேட்டரிகள் உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. சில நொடிகளே மிகுந்த மின்னோட்டம் தரும். மற்றொன்று வீட்டுப் பகுதிக்கு. குறைந்த மின்னோட்டத்தைப் பல மணி நேரம் தரும். இன்று லித்தியம் பேட்டரிகள் வந்துவிட்டன. எனினும் 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த காரீய-அமில சேமக்கலம் இன்னும் ஓய்வு பெறவில்லை. எங்கள் விடுதியின் இன்வெர்டர் பேட்டரியும் இதே இனத்தைச் சேர்ந்ததே. அதைப் பற்றி நாங்கள் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வாயிலாகத்தான்.

மாதம் ஒருமுறை பேட்டரியின் நீர்மட்டத்தைப் பார்க்கும் பொறுப்பை, அறிவியல் மன்ற மாணவியராகிய எங்களிடம் சிஸ்டர் ஒப்படைத்திருந்தார். பள்ளி திறந்ததும் ஒருமுறை பார்த்தோம். பிறகு விளையாட்டு விழா, கலைவிழா என்று மறந்தே போனோம். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின இரவு மின்சாரம் நின்றது. பத்தே நிமிடத்தில் இன்வெர்டரும் நின்றது. எங்களுள் ஒருத்தி மெழுகுவர்த்தியை ஏந்தியபடி பேட்டரியின் மூடியைத் திறந்து பார்க்கப் போனாள். "பாப்பா, நெருப்போட அங்கே போகாதே!" என்று வாட்ச்மேன் தாத்தா போட்ட சத்தத்தில் பதறித் திரும்பினாள்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் மூடியைத் திறந்து காட்டினார். தகடுகளின் மேற்பகுதி நீரின்றிக் காய்ந்து வெளியே தெரிந்தது. "இது உழைச்சுக் கெடலைம்மா, கவனிக்காமக் கெட்டது" என்றார். நூலகத்திற்குப் புத்தகம் வாங்க வைத்திருந்த பணம் புதிய பேட்டரிக்குப் போயிற்று. நாங்கள் தலை குனிந்து நின்றோம்.

பேட்டரி ஏன் கெடுகிறது? மின்சாரத்தைத் தரும்போது தகடுகளின்மீது காரீய சல்பேட் படிகிறது. கந்தக அமிலம் நீர்த்துப் போகிறது. விரைவில் மின்னேற்றினால் இரண்டும் பழைய நிலையை அடையும். அப்படியே போட்டுவைத்தால் அந்தப் படிவு கெட்டிப் படிகமாகி, மாற மறுக்கிறது. குளிர்காலத்தில் மோட்டார் ஹோமை நிறுத்திவைப்போர் அஞ்ச வேண்டியது இதையே. பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரி தானாகச் சிறிது சிறிதாக இறங்கும். நீர்த்துப்போன அமிலம் கடுங்குளிரில் உறைந்து பெட்டியையே பிளந்துவிடலாம். நிறைவாக மின்னேற்றிய பேட்டரியோ எளிதில் உறையாது.

ஆகவே பின்வருவனவற்றை நினைவிற் கொள்வோம்.

1. 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டினால் அது நிறைந்துள்ளது, 12.1 அளவுக்கு வந்தால் பாதி தீர்ந்துவிட்டது. அதற்குக் கீழே இறங்க விடாமல் மின்னேற்றுவது நலம்.

2. காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரும் ஆகாது, அமிலமும் ஆகாது. தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்குமளவு முதலில் ஊற்றி, மின்னேற்றியபின் குறியளவு வரை நிரப்ப வேண்டும்.

3. நல்ல சார்ஜர், நீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்கு ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை தந்து, நிறைந்தபின் 13.5 அளவுக்குத் தானே குறைத்துக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு! மிகையான மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும்.

4. காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடும். அவ்வாயு மூடியின் கீழும் தங்கியிருக்கும். எங்கள் தோழியின் மெழுகுவர்த்தியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நடுங்குகிறது. மின்னேற்றும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். நெருப்பு வேண்டவே வேண்டாம்.

5. சார்ஜரின் கம்பிகளை இணைத்தபின் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றுமுன் அணைக்க வேண்டும். உறைந்த, வெடிப்பு விட்ட பேட்டரிக்கு ஒருபோதும் மின்னேற்றக் கூடாது.

6. பேட்டரியைத் தொடுமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட்டு, கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். சிந்திய அமிலத்தின்மீது சமையல் சோடாவைத் தூவலாம். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பழைய பேட்டரியைக் குப்பையில் எறிவது பெருந்தீங்கு. காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அதைக் கடைக்காரரிடமே திருப்பித் தரலாம். உருக்கி மீண்டும் பயன்படுத்துவர். நம் நாட்டில் இதற்கென 2022-ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

இப்போது எங்கள் புதிய பேட்டரியின் அருகே ஓர் அட்டை தொங்குகிறது. மாதந்தோறும் பார்த்த தேதியும் பார்த்தவர் கையொப்பமும் அதில் உண்டு. மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கன்னியர் உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். விளக்கு இருந்தும் எண்ணெய் இல்லாமற்போன ஐவரைக் கண்டு சிரித்திருக்கிறோம். அவர்களும் நாங்களும் வேறல்லர் என்பதை அந்த இருண்ட இரவே எங்களுக்கு உணர்த்தியது. ஒளி வேண்டுவோர், ஒளி உள்ளபோதே அதற்கு ஆயத்தம் செய்வோமாக!